நாலாம் தொகுதியின் ஆறாவது விரல்

எந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாலும் அவள் அட்டையைப் பார்க்க மாட்டாள், படத்தைப் பார்க்க மாட்டாள், நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி மூக்குக்கு அருகில் கொண்டுபோய்விடுவாள். அதனால் கடைக்கு வருகிறவர்கள் அவளுக்குக் கடைசிப்பக்கம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரே சொன்னார்கள். இப்போது அவளே போனை எடுத்தால், "கடைசிப்பக்கம் பேசறேன்" என்கிறாள்.

கடை, ஒரு தையல் கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவில் இருந்தது. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும். சுவர் முழுக்க மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதைப் புத்தகங்கள். அவளுக்கு ஜப்பானிய மொழியில் குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியாது. ஆனால் "பதினோராம் அச்சு" என்று எழுதியிருந்தால் பத்தடி தள்ளி நின்றே படித்துவிடுவாள். இருபது வருடத்தில் அந்த மொழியில் அவள் கற்றுக்கொண்டது எண்கள், மாதங்கள், அச்சு என்கிற சொல், இவ்வளவுதான். தொழிலுக்கு அது போதும்.

யாராவது பழைய தொகுதியைக் கொண்டுவந்து, "இது முதல் அச்சா பாருங்க" என்பார்கள். அவள் கடைசிப் பக்கத்தில் தேதியைப் பார்ப்பாள். ஒரே தேதி இருந்தால் நல்லது. கீழே இன்னொரு தேதி ஒட்டிக்கொண்டிருந்தால் அது பிறகு அச்சடித்தது. அப்புறம் மேலுறையின் மடிப்பைப் பிரித்து, அதில் எந்தெந்தத் தொகுதிகளுக்கு விளம்பரம் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பாள். நாலாம் தொகுதியின் மடிப்பில் ஒன்பதாம் தொகுதியின் பெயர் இருந்தால் உதட்டைப் பிதுக்குவாள். "நாலாவது குழந்தை பிறந்த அன்னிக்கே ஒன்பதாவது குழந்தைக்குப் பேர் வைக்க முடியுமாங்க?" என்பாள். கடைசியாக, மேலுறையும் உள்ளிருக்கும் புத்தகமும் ஒன்றாகவே பிறந்து ஒன்றாகவே வளர்ந்தவையா என்று பார்ப்பாள். ஒன்றின் மேலுறையை எடுத்து இன்னொன்றுக்குப் போர்த்தியிருந்தால், தொழிலில் அதற்கு ஜோடி சேர்த்த பிரதி என்று பெயர். போன மாதம்கூட ஒரு வங்கி மேனேஜர் ஆசை ஆசையாய்க் கொண்டுவந்த புத்தகத்தைப் பார்த்து, "ஜோடி சேர்த்தது சார்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டாள். பாவம், மனிதர் இருமிக்கொண்டே போனார்.

இப்படிக் கறாராக இருந்தவளுக்குத்தான் அந்தச் சோதனை வந்தது, அதுவும் சொந்த அண்ணன் வழியாக.

அண்ணன் பல் டாக்டர். அவருடைய கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில், சோபாவுக்கு எதிரே ஒரு கண்ணாடி அலமாரி. அதில் 'தீவுத் தபால்' என்கிற மங்காவின் பன்னிரண்டு தொகுதிகள், ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறையில், பூட்டுப் போட்டு. படகில் தீவு தீவாகப் போய்க் கடிதம் கொடுக்கும் ஒரு தபால்காரப் பெண்ணின் கதை அது. சேகரிப்பவர்கள் அதன் நாலாம் தொகுதி என்றால் உயிரை விடுவார்கள். காரணம், தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தில் தபால்காரி கடிதத்தை நீட்டும் கையில் ஆறு விரல். வரைந்தவர் அவசரத்தில் ஒன்று கூடப் போட்டுவிட்டார், இரண்டாம் அச்சில் திருத்திவிட்டார்கள். ஆக, ஆறு விரல் இருந்தால் முதல் அச்சு. ஐந்து இருந்தால், வெறும் புத்தகம்.

"என்கிட்ட இருக்கறது ஆறு விரல்!" என்று அண்ணன் வருகிற நோயாளிகளிடமெல்லாம் சொல்வார். வாயில் பஞ்சை அடைத்துவிட்டுத்தான் சொல்வார், அதனால் எதிர்த்துக் கேட்க ஆள் கிடையாது.

ஒரு நாள் சேகரிப்போர் சங்கத் தலைவர் கிளினிக்குக்கு வந்தார். தலைவர் ஒரு காலத்தில் ஊரில் இருந்த ஒரே ஜப்பானியப் புத்தகக் கடையின் முதலாளி. அண்ணன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அந்தப் பன்னிரண்டையும் வாங்கியது அவரிடம்தான். பல் சுத்தம் செய்துகொண்டு வாயைக் கொப்பளித்ததும் அவர் சொன்னார்: "டாக்டர், நூலக மாடியில கண்காட்சி வைக்கறோம். உங்க பன்னிரண்டும் வேணும். நாலாவதைத் தொண்ணூத்து மூணாம் பக்கத்துல திறந்து வைக்கணும். எல்லாம் முதல் அச்சுதான்னு உங்க தங்கச்சியே சங்கத்து ஆளுங்க முன்னால பார்த்துச் சொல்லட்டும். ஊருக்கே அவ வார்த்தைதானே சாசனம்."

பக்கத்தில் நாலு நோயாளிகள் இருந்தார்கள். எல்லோரும் ஆறு விரல் கதையைக் கேட்டவர்கள். அண்ணன் என்ன செய்வார்? "அதுக்கென்ன, பேஷா!" என்றார்.

செய்தி காதுக்கு வந்ததும் கடைசிப்பக்கத்துக்குக் காலுக்குக் கீழே தரை நழுவியது. காரணம், நாலாம் தொகுதிக்குள் இருப்பது பத்தொன்பதாம் அச்சு. அதை அங்கே வைத்ததே அவள்தான்.

அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அண்ணன் பல் மருத்துவம் படிக்க விடுதிக்குப் போயிருந்தார். போகும்போது, "என் புத்தகத்தைத் தொட்டே, கையை முறிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்லாமல் போயிருந்தால் தொட்டிருக்க மாட்டாளோ என்னவோ. மேலுறையைப் பத்திரமாகக் கழற்றிக் கட்டில்மேல் வைத்துவிட்டு, நாலாம் தொகுதியோடு குளியல் தொட்டியில் இறங்கினாள். புத்தகம் தண்ணீரில் விழுந்தது. அம்மா அதை இஸ்திரி போட்டுப் பார்த்தாள், அது செங்கல் ஆகிவிட்டது. தாயும் மகளும் அன்று மாலையே கடைக்கு ஓடி இன்னொரு நாலாம் தொகுதி வாங்கி, பழைய மேலுறையைப் போர்த்தி அலமாரியில் வைத்துவிட்டார்கள். புத்தகம் என்றால் புத்தகம்தானே, அதற்குள் அச்சு என்று ஒரு சாதி வித்தியாசம் இருப்பது அவர்களுக்கு எங்கே தெரியும்? பத்து வருடம் கழித்து இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்த முதல் வாரத்தில்தான், அன்று மேலுறை போர்த்தும்போது கடைசிப் பக்கத்தில் கண்ணில் பட்ட பத்தொன்பது என்கிற எண்ணுக்கு அர்த்தம் தெரிந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அன்று தொடங்கி முதல் அச்சு நாலாம் தொகுதி ஒன்றைத் தேடிக்கொண்டே இருந்தாள். இன்றுவரை கண்ணில் படவில்லை.

அம்மாவுக்குப் போன் செய்தாள். "அம்மா, அந்தத் தொட்டி விஷயம். நீ யார்கிட்டயும் சொல்லலையே?"

"செத்தாலும் சொல்ல மாட்டேன்னு உன் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினேனே!" என்றாள் அம்மா. பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்கண்ணிகிட்ட மட்டும்தான் சொன்னேன். அவ வேற மனுஷியா என்ன?"

கண்காட்சிக்குப் பதினோரு நாள் இருந்தது. கடைசிப்பக்கம் விஷயத்தைக் கணவரிடம் கொட்டினாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்திரண்டு கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எதற்கும் பதறாத மனிதர், பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் வெளியே நின்றபடி, "உள்ள காத்து வருதுங்களா?" என்று விசாரிக்கிற சுபாவம்.

"மேலுறை நம்மகிட்ட ஒரிஜினல். அப்போ மேலுறை இல்லாத புத்தகம் கிடைச்சாப் போதும்தானே?" என்றார்.

"இத்தனை வருஷமா மேலுறையோடதான் தேடிக்கிட்டிருந்தேன்!"

"அதான் கிடைக்கல. மேலுறை கிழிஞ்சதையெல்லாம் யாரும் விக்க மாட்டாங்க. எதுக்காவது முட்டுக் கொடுத்து வெச்சிருப்பாங்க."

அவர் சொன்ன வாக்கு பலித்தது. ஆறாம் நாள் மதியம் போன் வந்தது. ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் வயலின் டீச்சர் ஒருவர் இருக்கிறார். லிஃப்ட் கதவு அபஸ்வரத்தில் கத்துகிறது என்று புகார் கொடுத்திருந்தார். எண்ணெய் போட்டுவிட்டு, கையெழுத்து வாங்க உள்ளே போனால், ஜன்னல் அடித்துக்கொள்ளாமல் இருக்க இடுக்கில் ஒரு புத்தகம் சொருகியிருந்தது.

"கடைசிப் பக்கத்துல ஒரே தேதிதான் இருக்கு," என்றார் கணவர் போனில். "தொண்ணூத்து மூணாம் பக்கம் பார்த்தேன். எண்ணினேன், ஆறு. மறுபடி எண்ணினேன், ஆறு. டீச்சரையும் எண்ணச் சொன்னேன். அவங்களும் ஆறுங்கறாங்க."

"டீச்சர் கொடுப்பாங்களா?"

"ஜன்னலுக்கு மரத்துல ஆப்பு ஒண்ணு செதுக்கிக் கொடுத்தாப் போதுமாம். புத்தகம் சரியா நிக்கலைன்னு ரொம்ப நாளா வருத்தமாம்."

புத்தகம் கைக்கு வந்துவிட்டது. இனி அதை அலமாரிக்குள் சேர்க்க வேண்டும். அண்ணன் கிளினிக்கை விட்டு நகர மாட்டார், நகர்ந்தால் சாவியோடு நகர்வார். உள் அறையில் அரை மணி நேரமாவது அவருக்கு வேலை கொடுத்தால்தான் காரியம் நடக்கும். கடைசிப்பக்கம் கணவரின் முகத்தைப் பார்த்தாள். கணவர் சுவரைப் பார்த்தார்.

"என் முப்பத்திரண்டும் முத்து மாதிரி இருக்கு," என்றார்.

"வலிக்கற மாதிரி சும்மா நடிங்க. அண்ணன் தட்டிப் பார்ப்பார், படம் எடுப்பார், ஒண்ணும் இல்லைன்னு அனுப்பிடுவார்."

மறுநாள் இருவரும் போனார்கள். கணவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகினார். அண்ணன் அவரை நாற்காலியில் சாய்த்து, விளக்கை இழுத்து உள்ளே பார்த்தார். பார்த்தவர் முகம் மலர்ந்தது.

"மாப்பிள்ளை, நல்ல நேரத்துல வந்தீங்க! கடைசி கடவாய்ப்பல் உள்ளுக்குள்ளயே சொத்தை. இன்னிக்கே எடுத்துடலாம்."

"மச்சான், இப்போ வலி கொஞ்சம் குறைஞ்ச மாதிரி..."

"அதுதான் ஆபத்து!" என்றார் அண்ணன், ஊசியை எடுத்துக்கொண்டே. கதவு சாத்திக்கொண்டது.

வெளி அறையில் வேறு நோயாளிகள் இல்லை. மேஜையில் அண்ணி. கிளினிக்கில் டோக்கன் கொடுப்பது, போன் எடுப்பது எல்லாம் அண்ணிதான். கடைசிப்பக்கம் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் இரண்டு முறை நடந்தாள், இரண்டு முறை திரும்பினாள். அண்ணி பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "சாவி மேல் இழுப்பறையில இருக்கு" என்றாள்.

"அண்ணி! உங்களுக்கு..."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்கம்மா சொன்னதும் தெரியாது, உங்கண்ணன் தூக்கத்துல புலம்பறதும் தெரியாது. சீக்கிரம் முடி. மாப்பிள்ளை பல்லு எவ்வளவு நேரம் தாங்கும்?"

கடைசிப்பக்கம் பூட்டைத் திறந்து, நாலாம் தொகுதியின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, மேலுறையைக் கழற்றினாள். உள்ளே பத்தொன்பதாம் அச்சு இல்லை. புத்தகமே இல்லை. பல் மருத்துவர் சங்கத்தின் இருபத்தைந்து வருடப் பழைய டயரி ஒன்று கொஞ்சம் பிதுங்கினாற்போல் உட்கார்ந்திருந்தது.

டயரி முழுக்க வெறும் தாள். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் அண்ணனின் கையெழுத்து: "இன்று நாலாம் தொகுதியைப் பிரித்துப் பார்த்தேன். பத்தொன்பதாம் அச்சு. பாவி, என்னை ஏமாற்றிவிட்டாய். இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன்."

அண்ணனுக்குத் தெரியும்! கால் நூற்றாண்டாகத் தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளுடைய கல்யாணத்தில் முன்னால் நின்றார், ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூப்பிட்டுப் பல் சுத்தம் செய்துவிடுகிறார். இப்போது கண்காட்சியில் அவள் கையாலேயே மேலுறையைக் கழற்ற வைக்கப் போகிறார். உள்ளே டயரி, ஊர் முன்னால், அவள் வாசிக்க வேண்டும்! எவ்வளவு பொறுமையான பழி!

உள்ளேயிருந்து கணவரின் அலறல் ஒன்று கேட்டது. அவள் விழித்துக்கொண்டாள். கொண்டுவந்த புத்தகத்துக்கு மேலுறையைப் போர்த்தி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பூட்டி, டயரியைப் பையில் திணிப்பதற்கும் கதவு திறப்பதற்கும் சரியாக இருந்தது. கணவர் பாதி முகம் மரத்து, வாயில் பஞ்சோடு வந்தார்.

"முடிஞ்சுதா?" என்று கேட்க நினைத்து அவர் சொன்னது, "மூஞ்சூறா?" என்று வந்தது.

"எல்லாம் முடிஞ்சுது," என்றாள் அவள், அழுகிற குரலில். அண்ணன் நெகிழ்ந்துபோனார். "பாருங்க மாப்பிள்ளை, உங்க பல்லுக்காக எப்படிக் கலங்கறா!"

அடுத்த நான்கு நாளும் அவள் பட்ட பாடு சொல்லி முடியாது. அண்ணன் போன் செய்து, "நல்லாத் தூங்கறியா?" என்றால் அதில் ஒரு குத்தல் தெரிந்தது. "கண்காட்சியில உன் கண்ணுக்கு எதுவும் தப்பாதே" என்று சிரித்தால் அதில் ஒரு மிரட்டல் தெரிந்தது. கணவர் வீங்கிய கன்னத்தோடு, "பேசாம உண்மையைச் சொல்லிடேன்" என்றார். "நீங்க கஞ்சி குடிங்க" என்று அவர் வாயை அடைத்துவிட்டாள்.

கண்காட்சி நாள் காலை. நூலக மாடியில் நீளமான வாசிப்பு மேஜையைச் சுற்றிச் சங்கத்துக்காரர்கள் பதினான்கு பேர். பொதுமக்கள் பத்து மணிக்கு. அதற்கு முன் சரிபார்ப்பு. நடுவில் கடைசிப்பக்கம், கையில் பூதக்கண்ணாடி. அவளுக்கு வலப்பக்கம் அண்ணன். கிளினிக்கிலிருந்து அப்படியே வந்திருந்தார், கழுத்தில் நோயாளிகளுக்குக் கட்டும் காகித ஏப்ரன் இன்னும் தொங்கியது. அதாலேயே நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிரே தலைவர்.

ஒன்றாம் தொகுதி. "முதல் அச்சு." கைத்தட்டல். இரண்டாம் தொகுதி, மூன்றாம் தொகுதி. கைத்தட்டல், கைத்தட்டல். அவள் கை நாலாவதை நோக்கிப் போனபோது அண்ணன் பாய்ந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இது வேண்டாம். பசை பலவீனமா இருக்கு. மேலோட பார்த்தாப் போதும்."

"டாக்டர், வாயைத் திறக்காமலே சொத்தைப் பல்லைக் கண்டுபிடிச்சிடுவீங்களா?" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் கையை எடுத்தார். எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் கடைசிப்பக்கத்துக்கு முதல் சந்தேகம் வந்தது. பழி வாங்கப் போகிறவன் முகம் இப்படியா இருக்கும்? ஊசி போட்டுக்கொள்ளப் போகிற குழந்தையின் முகமாக அல்லவா இருக்கிறது?

மேலுறையைக் கழற்றிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். "தேதி ஒண்ணுதான். முதல் அச்சு."

அண்ணனின் ஒரு கண் திறந்தது. அவள் தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தை விரித்தாள். இன்னொரு கண்ணும் திறந்தது. ஆள்காட்டி விரலை நீட்டி, சின்ன வகுப்புப் பிள்ளை மாதிரி சத்தமாக எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு... ஆறு! ஆறு இருக்கு! நிஜமாவே ஆறு இருக்கு!"

"இத்தனை வருஷமா வெச்சிருக்கறவருக்கே இவ்வளவு சந்தோஷம்!" என்று யாரோ வியந்தார்கள். கைத்தட்டல் மாடியை அதிரவைத்தது. தலைவர் மட்டும் தட்டவில்லை. புத்தகத்தை எடுத்து ஓரங்களைப் பார்த்தார், மேலுறையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மேலுறை கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு," என்றார் மெதுவாக. "மாப்பிள்ளை பத்து வருஷம் ஜன்னல்ல வெயில் காஞ்ச மாதிரி இருக்காரே. கடைசிப்பக்கம், நீதான் சொல்லணும். இது ஜோடி சேர்த்த பிரதியா, இல்லையா?"

அவளுக்குப் பின்னால் வங்கி மேனேஜர் இருமினார்.

இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். யாரும் அவளை மீறி மறுத்துப் பேச மாட்டார்கள். ஆனால் அந்த இருமல் அவள் முதுகில் குத்தியது. பூதக்கண்ணாடியை மேஜையில் வைத்தாள்.

"ஜோடி சேர்த்ததுதான். சேர்த்தது நான்."

சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. குளியல் தொட்டி, இஸ்திரிப் பெட்டி, பத்தொன்பதாம் அச்சு, வயலின் டீச்சர், கணவரின் கடவாய்ப்பல், எல்லாவற்றையும் கொட்டினாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும், அண்ணா. டயரியைப் பார்த்துட்டேன். பாவி, இந்த ஜென்மத்துல மன்னிக்க மாட்டேன்னு எழுதியிருந்தே. மன்னிக்க வேண்டாம், ரெண்டு அடி அடிச்சிடு. இந்தப் பொறுமையைத்தான் என்னால தாங்க முடியல."

அண்ணன் வாயைப் பிளந்தபடி நின்றார். "தொட்டியிலயா போட்டே? நீயா?" என்றார். "எனக்குத் தெரியவே தெரியாதே! நான் எழுதினது உன்னை இல்லை!"

"பின்ன யாரை?"

அண்ணனின் கண் தன்னையறியாமல் மேஜைக்கு எதிர்ப்பக்கம் போனது. பதினான்கு பேரின் கண்ணும் பின்னாலேயே போனது.

"என்னையா?" என்றார் தலைவர்.

அண்ணன் காகித ஏப்ரனைக் கசக்கினார். "கிளினிக் திறந்த புதுசுல பிரிச்சுப் பார்த்தேன். பத்தொன்பதாம் அச்சு இருந்துது. வீட்டுல யாரும் தொடலைன்னு நம்பிட்டேன். அப்போ வித்தவர்தானே ஏமாத்தியிருக்கணும்? அதுக்குள்ள ஆறு விரல்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. வெளியில சொன்னா மானம் போகும். கோபத்துல அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்ல போட்டுட்டு, டயரியை வெச்சுட்டேன்."

தலைவர் விட்டத்தைப் பார்த்தார். ஏதோ கணக்குக் கூடிவந்த மாதிரி அவர் தலை மெல்ல ஆடியது.

"அதான் எனக்கு எப்பவும் கடைசி டோக்கனா?"

அண்ணன் தலை குனிந்தார்.

"வருஷத்துக்கு ரெண்டு தடவை. மூணு மணிக்கு வரச் சொல்லி ஏழு மணிக்குக் கூப்பிடுவே. இருபத்தஞ்சு வருஷம். நல்ல டாக்டர், ஆனா நேரம் மட்டும் பார்க்கத் தெரியாதுன்னு ஊரெல்லாம் உனக்காகப் பேசியிருக்கேன்யா! அந்த சோபாவுல உட்கார்ந்து எனக்கு வேற என்ன வேலை? உன் அலமாரியில பன்னிரண்டு முதுகையும் பார்த்துக்கிட்டே இருப்பேன். நாலாவது மட்டும் கொஞ்சம் குண்டா இருக்கேன்னு தோணும். புத்தகம் எப்படி குண்டாகும்? அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்தக் கண்காட்சியே."

யாருக்குச் சிரிப்பு முதலில் வந்தது என்று தெரியவில்லை. மேஜையின் ஒரு மூலையில் பொத்துக்கொண்டு கிளம்பி, சுற்றி வந்தது. அண்ணன் மட்டும் சிரிக்காமல் மேஜையைச் சுற்றி நடந்துபோய்த் தலைவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தப்புப் பண்ணிட்டேன். பெரிய மனசு பண்ணி மன்னிக்கணும்."

"கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே," என்றார் தலைவர். கோபம் இருந்தது, ஆனால் கையை உருவிக்கொள்ளவில்லை. "உங்கம்மாவும் இந்தப் பொண்ணும் கடைக்கு வந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பொண்ணு மூக்கு சிவந்திருந்துது. உங்க வீட்டுலதான் இது ஏற்கெனவே இருக்கே, இன்னொண்ணு எதுக்கும்மான்னு கேட்டேன். உங்கம்மா சளைக்காம, 'எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்காங்களே'ன்னாங்க."

வாசல் பக்கம் நின்றிருந்த அண்ணி, அப்போதுதான் வந்தவள் போல உள்ளே வந்து, "என்ன, எல்லாம் பேசி முடிச்சாச்சா?" என்றாள். அவளுக்குப் பின்னால் வீங்கிய கன்னத்தோடு லிஃப்ட் மெக்கானிக்.

"உனக்கு எல்லாம் தெரியுமா?" என்றார் அண்ணன்.

"அவ ரகசியம் தெரியும், உங்க ரகசியமும் தெரியும். ரெண்டு பேர்ல யார் முதல்ல வாயைத் திறக்கறீங்கன்னு பார்த்துக்கிட்டிருந்தேன். கல்யாணம் ஆன நாள் முதலா எனக்கு இதுதான் பொழுதுபோக்கு."

பத்து மணிக்கு இன்னும் கால் மணி இருந்தது. நாலாம் தொகுதியைக் காட்சியில் வைக்கலாமா கூடாதா என்று சங்கத்தில் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. வைக்கலாம், ஆனால் அட்டையில் உள்ளது உள்ளபடி எழுத வேண்டும் என்று வங்கி மேனேஜர் சொன்னார். அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. கடைசிப்பக்கம் பேனாவை வாங்கித் தன் கையாலேயே எழுதினாள்: "மேலுறை: முதல் அச்சு, ஒரு பிரதியிலிருந்து. உள்புத்தகம்: முதல் அச்சு, வேறு பிரதியிலிருந்து. ஜோடி சேர்த்தது: உரிமையாளரின் தங்கை." எழுதிவிட்டு நிமிர்ந்தபோது, முப்பது வருடமாகத் தோளில் இருந்த ஏதோ ஒன்று இறங்கிய மாதிரி இருந்தது. பசித்தது.

அட்டையை வைத்தாயிற்று. புத்தகத்தைக் காணோம்.

தேடிக்கொண்டு போனால், அண்ணன் மாடிப்படியில் உட்கார்ந்து அதைப் புரட்டிக்கொண்டிருந்தார். காகித ஏப்ரன் இன்னும் கழுத்தில்தான் இருந்தது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அடிப்பாரோ என்று ஒரு கணம் தோன்றியது.

"பள்ளிக்கூடத்துல படிக்கறப்போ பார்த்தது," என்றார் அண்ணன். "அப்புறம் திறக்கவே பயம், கசங்கிடும்னு. கதையே மறந்துபோச்சு." இன்னும் ஒரு பக்கம் திருப்பினார். "ஆமா, தொட்டியில விழறப்போ எந்தப் படம் பார்த்துக்கிட்டிருந்தே?"

அவள் புத்தகத்தை வாங்கி நாலைந்து பக்கம் தள்ளினாள். இரண்டு பக்கமும் சேர்ந்த ஒரே படம். அலை படகைக் கவிழ்க்கிறது, தபால்காரியின் பையிலிருந்து கடிதங்கள் எல்லாம் பறந்து கடலில் விழுகின்றன, அவள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கத்துகிறாள்.

"இதுதான். அய்யோ லெட்டரெல்லாம் போச்சேன்னு பதறிட்டேன். நானும் கையை நீட்டிட்டேன்."

அண்ணன் படத்தைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைக்கக் காகித ஏப்ரனைத் தூக்கியவர், புத்தகத்தில் சொட்டிவிடுமோ என்று சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்புறம் அந்தக் கடிதமெல்லாம் கிடைக்குதா?" என்றார்.

"எனக்கு எப்படித் தெரியும்? அதுக்கு மேல செங்கல் ஆயிடுச்சே. வாங்கின இன்னொண்ணை நான் புரட்டிப் பார்க்கவே இல்லை."

மேலேயிருந்து தலைவர் கூப்பிட்டார். ஜனங்கள் வந்துவிட்டார்களாம், ஆறு விரல் எங்கே என்று கேட்கிறார்களாம்.

"ரெண்டே நிமிஷம்!" என்று அண்ணன் குரல் கொடுத்துவிட்டு, தங்கை பக்கம் நகர்ந்து, அவளுக்கும் தெரிகிற மாதிரி புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.